சூடேறும் வரை

இலங்கையின் வடமேற்குக் கரையில் உள்ள எங்கள் ஊரான உடப்பில் லைற் வாடகைக்குக் கொடுத்தவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். கரைவலை வாடிக்கு, கலியாண வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு, திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவுக்கு, நாடகம் போடுகிறவர்களுக்கு என்று அவருடைய பெற்றோமாக்ஸ்கள் இரவெல்லாம் ஊர் சுற்றும். விடிந்ததும் கண்ணாடி கரிபிடித்துத் திண்ணைக்கு வந்து சேரும். எந்த லைற் எந்த வீட்டில் இரவைக் கழித்தது என்பதை வைத்தே ஊர் நடப்பைச் சொல்லிவிடலாம்.

பின்னேரமானால் பொடியன்கள் நாங்கள் அந்தத் திண்ணையில் போய்க் குந்திவிடுவோம். லைற்றைத் தொட எங்களில் யாருக்கும் அனுமதி இல்லை. நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டுவது, ஸ்பிரிட் போத்தலின் மூடியை இறுக்குவது, இவை இரண்டும்தான் எங்கள் உத்தியோகம். மென்டிலுக்குக் கீழே, தண்டைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். மாமா அதில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைப்பார். பகல் வெளிச்சம் மிச்சமிருந்தால் அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது. பிறகு அவர் சும்மா இருப்பார். வெற்றிலை மடிப்பார். எங்களில் ஒருவன் பொறுக்காமல் “பம்ப் அடிங்க மாமா” என்று கத்துவான்.

“சூடேறட்டும்டா. பச்சை எண்ணெயா வந்தா லைற் அழும்.”

லைற் அழுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவசரக்காரர் யாராவது கொளுத்தினால் மென்டிலைச் சுற்றி மஞ்சள் தீ குப்பென்று எழும்பித் தொப்பிவரை நக்கும். கண்ணாடி கறுக்கும், மண்ணெண்ணெய் சொட்டும், சில நேரம் கண்ணாடி வெடித்தே போகும். அந்த ஒன்றிரண்டு நிமிடக் காத்திருப்புக்குள் அந்த விளக்கின் முழு வித்தையும் இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்களுக்கு வேண்டியிருந்தது வெளிச்சம்தான்.

வீட்டில் எரிந்த குப்பி விளக்கும் மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுபோகும், நுனியில் எரியும், அரைகுறையாக வெந்த கரித்துகள்கள் தீயில் சிவந்து மஞ்சளாக ஒளிரும். அந்தக் கரிதான் அதன் வெளிச்சம், அதுவேதான் கூரையில் படிந்த புகை. பெற்றோமாக்ஸ் போகிற வழி வேறு. எண்ணெயை முதலில் ஆவியாக்க வேண்டும். அந்த ஆவியைக் காற்றோடு கலந்து, கரியே இல்லாத நீலத் தீயாக எரிக்க வேண்டும். அந்தத் தீக்கு வெளிச்சம் கிடையாது, சூடு மட்டும்தான். அந்தச் சூட்டில் மென்டில் வெண்மையாக ஒளிரும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகையில் ஆவியாகத் தொடங்கும், முழுவதும் ஆவியாக 250 பாகைக்கும் மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தருவதற்குத் தீ வேண்டும். தீ வருவதற்கு ஆவி வேண்டும். சூடேறாமல் எரியாது, எரியாமல் சூடேறாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த முடிச்சைப் பல ஊர்களில் பலர் அவிழ்க்கப் பார்த்தார்கள். ஸ்டொக்ஹோமில் லின்ட்க்விஸ்ட் என்பவர் 1892இல் அடுப்பில் அவிழ்த்தார். ‘பிரைமஸ்’ என்று நம் குசினிகளில் இரைந்தது அதுதான். விளக்கில் அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் கிட்சன். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பிலடெல்பியாவில் தொழில் நடத்தியவர். எண்ணெயைத் தொட்டியில் அடைத்துக் காற்றழுத்தம் ஏற்றினார். மயிர்போன்ற செப்புக் குழாய் வழியாக அதை மேலே அனுப்பினார். மென்டிலின் சூடு நேராகப் படுகிற இடத்தில் ஓர் ஆவிக்குழாயைப் படுக்க வைத்தார். முதல் சூட்டை மட்டும் வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் போதும், அதன் பிறகு விளக்கு தன் எண்ணெயைத் தானே சமைத்துக்கொள்ளும்.

1901 அளவில் இந்த ஏற்பாடு வெளிச்சவீடுகளுக்குள் போனது. அதுவரை அங்கே வட்டத்துக்குள் வட்டமாகப் பல திரிகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் இடத்தில் ஒரே ஒரு மென்டில் வந்து உட்கார்ந்தது. குறைந்த எண்ணெய், கூடிய வெளிச்சம். 1921இல் பிரித்தானிய வெளிச்சவீட்டு நிர்வாகமான ட்ரினிட்டி ஹவுஸைச் சேர்ந்த டேவிட் ஹூட் அதை மேலும் செம்மைப்படுத்தினார். கிட்சனோ விளக்கை விட்டுவிட்டுக் காசைப் பிடித்துக்கொண்டார். தங்கத்தில் கட்டிவைத்த நாணய முறையை எதிர்த்துப் புத்தகங்கள் எழுதி, கடைசிவரை வங்கிகளோடு சண்டை போட்டார். வாடகைக் காசு கேட்டு வாடி வாடியாக அலைந்த மாமாவுக்கு அந்த மனிதரை நிச்சயம் பிடித்திருக்கும்.

தமிழ்நாட்டுப் பழைய நாடகக்காரர்கள் ‘கிட்சன் லைட்’ என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். தீவட்டி பிடித்து ஆடிய மேடைக்கு அந்த வெளிச்சம் வந்தபோது நடிகனின் கண் அசைவு கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்து மேடைகளுக்கு அந்த வேலையைச் செய்தது பெற்றோமாக்ஸ். அதற்குத் தொட்டி காலடியிலேயே இருப்பதால் நேர்கீழே இருட்டு. அதனால் மூங்கிலில் உயரக் கட்டுவார்கள். நாடகத்தின் நடுவில் அழுத்தம் குறைந்து வெளிச்சம் மங்கும். மாமா மேடையேறி, சபையைப் பார்க்காமல், நாலு தரம் பம்ப் அடித்துவிட்டு இறங்குவார். அவர் போகும்வரை அர்ச்சுனனும் துரியோதனனும் வில்லையும் கதையையும் பிடித்தபடி காத்திருப்பார்கள். சபைக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மென்டில் விஷயத்துக்கு வருகிறேன். புது மென்டில் கடையிலிருந்து வரும்போது மடித்த பட்டுப்பை போலத்தான் இருக்கும். நூலால் களிமண் வாயில் கட்டி, மடிப்பை நீக்கி, முதல் தரம் எரிக்க வேண்டும். துணி எரிந்து போய்விடும். மிஞ்சுவது வெள்ளைச் சாம்பல், ஆனால் பையின் வடிவம் அப்படியே நிற்கும். அதைத்தான் இரவிரவாக எரிக்கிறோம். விரல் பட்டால் பொடி, இலையான் மோதினால் ஓட்டை. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் இந்த மென்டிலைக் காட்டி இதில் எப்படி வெளிச்சம் வருகிறது என்று செந்தில் கேட்பார், கேட்டபடியே கசக்கிவிடுவார். 1984இலிருந்து தமிழுலகம் அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கவுண்டமணியிடம் பதில் இல்லாததுதான் வினை.

பதில் வியன்னாவில் இருந்தது. கார்ல் அவுவர் என்ற வேதியியலாளர், நீலத் தீ அடுப்பைத் தந்த பன்சனிடமே ஹைடல்பேர்க்கில் படித்தவர். அரிய மண் உலோகங்களின் உப்புகளைத் தீயில் காட்டி ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு, அவற்றில் துணியை நனைத்து எரித்தால் மிஞ்சும் கூடு ஒளிர்வது தெரிந்தது. 1885இல் காப்புரிமை எடுத்தார். அந்த முதல் மென்டில் பச்சையடித்தது, மனிதர் முகத்தைப் பிணம்போலக் காட்டியது, தொழிற்சாலை படுத்தது. அவர் விடவில்லை. தோரியத்தை எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், தோரியத்தைச் சுத்தமாக்க ஆக்க வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. ஒளி கொடுத்தது தோரியத்தில் ஒட்டியிருந்த அழுக்கான சீரியம். 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டு என்ற கணக்கை 1891இல் பிடித்தார். சீரியம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. இதே அவுவர் பிறகு ஓஸ்மியம் இழை போட்ட மின்குமிழைச் செய்து தன் மென்டிலுக்கே குழி தோண்டினார். மிஞ்சிய சீரியத்தில் இரும்பைக் கலந்து லைட்டர் கல்லும் செய்தார். மாமா சுருட்டைப் பற்றவைத்த லைட்டருக்குள்ளும் அவர் இருந்தார்.

தோரியம் எங்கே கிடைத்தது என்று தேடிப் போனபோதுதான் எனக்கு இந்தக் கதை வீட்டுப் பக்கம் திரும்பியது. முதலில் பிரேசில் கடற்கரை மணலிலிருந்து எடுத்தார்கள். 1909இல் ஷொம்பேர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மொனசைட்டைக் கண்டார். தேங்காய்க் கயிற்றில் ஒட்டிய மணல்! அந்த மணலின் ஊரைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து தொழில் தொடங்கினார். சிலாபத்திலும் மாதம்பையிலும் தும்பு அடித்துக் கயிறு திரித்த சனங்களிடையே வளர்ந்தவன் நான். கயிற்றை உதறிவிட்டுச் சுருட்டுவதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். உதறியதை ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

அதற்கு ஐந்து வருடம் முந்தி இலங்கையிலேயே ஒரு கண்டுபிடிப்பு நடந்திருந்தது. கண்டவர் ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனத்தைப் பற்றி எழுதிய கலை அறிஞராக மட்டும் நாம் அவரை வைத்திருக்கிறோம். அவர் முதலில் கல் ஆராய்ந்தவர், 1903இலிருந்து இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளர். சப்ரகமுவைப் பக்கம் இரத்தினக்கல் சல்லிக்குள் கறுத்த, கனமான, சதுரச் சதுரமான சின்னக் கல் ஒன்று 1904இல் அவர் கைக்கு வந்தது. யுரேனியக் கனிமம் என்றுதான் முதலில் எண்ணினார். லண்டனில் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தபோது முக்கால் பங்கு அளவுக்குத் தோரியம் ஒட்சைட்டு இருந்தது. ‘தோரியனைட்டு’ என்று பேர் வைத்தார்கள். மென்டில்காரருக்கு அது பொன். அடுத்த வருடம் லண்டனில் ஓட்டோ ஹான் என்ற இளைஞர் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பில்தான் ரேடியோதோரியத்தைக் கண்டார். அணுவைப் பிளந்த அதே ஹான்தான். ஆனால் அந்தக் கறுப்புக் கல் அதிகம் கிடைக்கவில்லை. கடற்கரை மணல்தான் உலகத்துக்கு மென்டில் கொடுத்தது.

தோரியம் கதிர்வீசும் என்று 1898இலேயே கண்டிருந்தார்கள். உடைந்த மென்டிலின் சாம்பலை நாங்கள் உள்ளங்கையில் வைத்து ஊதி விளையாடியிருக்கிறோம். இப்போது அதை நினைத்தால் மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். இன்றைய மென்டில்கள் பலவற்றில் தோரியம் இல்லை, இட்ரியம் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வெளிச்சம் என் கண்ணுக்குக் கொஞ்சம் பழுத்துத் தெரிகிறது. பழைய மென்டிலின் வெண்மை அதில் இல்லை.

மாமாவின் திண்ணைக்குத் திரும்புகிறேன். பெற்றோமாக்ஸைச் செய்தது பேர்லினில் இருந்த எர்ரிக் அண்ட் கிரெட்ஸ் கொம்பனி, 1910 அளவில். அதன் தலைவர் மாக்ஸ் கிரெட்ஸுக்கு மண்ணெண்ணெய்ப் பைத்தியம். ‘பெற்றோலியம் மாக்ஸ்’ என்று மற்றவர்கள் பட்டப்பேர் வைத்ததே விளக்குக்கும் பேராகிவிட்டது. கிட்சன் பெரிய தொட்டியையும் நீளக் குழாயையும் வைத்து எட்டி நின்று செய்ததை, இவர்கள் கையில் தூக்குகிற ஒரே கூட்டுக்குள் அடக்கினார்கள். தொட்டியிலிருந்து எண்ணெய்க் குழாய் நேரே மேலே ஏறும். மென்டிலின் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வளையும். அந்த வளையத்தில்தான் எண்ணெய் ஆவியாகிறது. ஆவி முனையில் இருக்கும் ஊசித்துளை வழியாகப் பீறிட்டு வரும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, தலைகீழாகத் தொங்கும் மென்டிலுக்குள் எரியும். தலைகீழ் மென்டில் வந்தபிறகுதான் வெளிச்சம் கீழே விழுந்தது.

அந்த வளையம்தான் மாமாவின் சனியன். சமைக்கிற சட்டி அடிப்பிடிப்பதுபோல, எண்ணெய் ஆவியாகிற இடத்தில் கரி படியும். ஊசித்துளையை அடைக்கும். அதற்காகக் கொம்பனிக்காரர் ஒரு யோசனை செய்திருந்தார்கள். பக்கத்துச் சக்கரத்தைத் திருகினால் குழாய்க்குள் நிற்கும் மயிர்க்கம்பி எழும்பித் துளையைக் குத்திச் சுத்தம் செய்யும். விளக்கு எரியும்போதே குத்தலாம், ஒரு கணம் கண் சிமிட்டிவிட்டு மறுபடி எரியும். குழாய்க்குள்ளே கல்லாகப் படிந்த கரிக்கு அந்த ஊசி போதாது. மாமா குழாயைக் கழற்றி, அடுப்புத் தணலில் சிவக்கக் காய்ச்சி, தட்டிக் கரியை உதிர்ப்பார். பம்பின் தோல் வாசர் காய்ந்து போனால் தேங்காயெண்ணெயில் ஊறப்போடுவார். பேர்லினில் என்ன எண்ணெய் போட்டார்களோ, தென்னைக்குப் பஞ்சமில்லாத எங்கள் ஊரில் அதுதான் மருந்து. உப்புக்காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பூக்கும். அதற்குப் பழப்புளியும் சாம்பலும். தொட்டியின் பக்கத்தில் 500 மெழுகுவத்தி வெளிச்சம் என்று பொறித்திருந்ததாக மாமா சொல்வார். ஒரு லீற்றர் எண்ணெயில் எட்டு மணித்தியாலம் எரியும் என்பது அவர் கண்டது.

கரைவலைக்குப் பகல் வெளிச்சம் போதும் என்று நினைக்கலாம். விடியுமுன்னே வலையை ஏற்றிக் கடலுக்குத் தள்ளுவதற்கும், மடி கரைக்கு வர இருட்டிவிட்டால் சாளையையும் நெத்தலியையும் பிரித்து விலை பேசுவதற்கும் லைற் வேண்டும். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருட்டிலும் வரும், மீனை எண்ணுவது வராது. வலை முதலாளியான சம்மாட்டிக்கும் வியாபாரிக்கும் நடுவில் பெற்றோமாக்ஸ் வைத்தது அதற்குத்தான். களப்பில் வேறு மாதிரி. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் லைற்றைத் தோளில் பிடித்து நடப்பார். கண் கூசாமல் இருக்க அவர் முகத்துப் பக்கம் ஒரு தகரம் கட்டியிருக்கும். வெளிச்சத்தில் மயங்கி நிற்கும் நண்டையும் மீனையும் மற்றவர் குத்துவார். அதற்கு முந்திய தலைமுறை இதையே தென்னோலைச் சூள் கொளுத்திச் செய்தது. சூளுக்குக் காத்திருப்பு இல்லை, காற்றடித்தால் இன்னும் நன்றாக எரியும். ஆனால் கை சுடும், கால் மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். களப்புக்காரர் பெற்றோமாக்ஸுக்கு மாறியது அதற்காகத்தான் என்று மாமா சொல்வார், வாடகைக்காரர் சொல்வதைக் கொஞ்சம் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா நாட்களில் அவருடைய லைற் ஒன்றும் வீட்டில் நிற்காது. கத்தோலிக்கரும் அல்லாதவரும் வந்து மரத்தடிகளில் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். கொட்டிலுக்குக் கொட்டில் உஸ்ஸென்ற இரைச்சல், கடல் இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் விரட்டிய முஸ்லிம் சனங்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து இறங்கினார்கள். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. அந்த முகாம்களுக்கு முதல் இரவுகளில் லைற் கொண்டுபோனவர்களில் மாமாவும் உண்டு, வாடகை வாங்கவில்லை. அதே வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் தடைப்பட்டு, சனங்கள் ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஜாம் போத்தல் விளக்குக்குச் சூடேற்றத் தேவையில்லை. அது வெறுங்கையோடு நிற்பவனின் விளக்கு.

பிறகு ஊருக்குக் கரண்ட் வந்தது. லைற்றுகள் ஒவ்வொன்றாகப் பரணுக்குப் போயின. 2011இல் வடக்கே நுரைச்சோலையில் சீனர்கள் கட்டிய நிலக்கரி மின்நிலையம் ஓடத் தொடங்கியது, பின்னர் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றாயின. நாட்டிலேயே பெரிய மின்நிலையம் எங்கள் கடற்கரையில். அதன் வேலையை ஒருநாள் என் மருமகன் விளக்கியபோது சிரித்துவிட்டேன். அங்கேயும் கொதிகலன் ஆறிவிட்டால் நிலக்கரியை நேரே பற்றவைக்க முடியாதாம், முதலில் எண்ணெய் எரித்துச் சூடேற்ற வேண்டுமாம். மாமாவின் ஸ்பிரிட் கிண்ணம்தான், அளவு பெரிது. ஒரு தரம் நின்றுவிட்டால் மறுபடி பிடிக்க மணித்தியாலக் கணக்கு. பொடியன்களாக இருந்தால் கத்தியிருப்போம்.

2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. மருமகன் பரணிலிருந்து ஒரு பெற்றோமாக்ஸை இறக்கிக் கொண்டுவந்தான். தோல் வாசர் நொறுங்கிக் கிடந்தது. தேங்காயெண்ணெயில் ஊறவைத்த பழைய செருப்புத் தோலை வெட்டிப் போட்டோம், பிடித்தது. சிலாபத்தில் ஒரு பழைய கடையில் மென்டிலும் கிடைத்தது. ஸ்பிரிட் கிடைக்கவில்லை, துணியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சமாளிக்கலாம் என்றேன். மண்ணெண்ணெய்க்குத்தான் கியூ. கடலுக்குப் போகிற இயந்திரப் படகுகளும் அதில்தான் ஓடுகின்றன, ஊரே கான்களோடு வரிசையில் நின்றது. ஓகஸ்டில் 87 ரூபாயாக இருந்த லீற்றரை ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். அன்று நின்று வாங்கிய ஒரு போத்தலை மருமகன் மேசையில் வைத்தான்.

“மாமா, இதை லைற்றுக்கு ஊத்தவா, எஞ்சினுக்கு ஊத்தவா?”

“உனக்குக் கடலுக்குப் போக எவ்வளவு வேணும்?”

“ஒரு போத்தல் எங்க காணும்? நாலு பேர் சேர்ந்துதான் போறம். ஆளுக்கு ஒண்டு.”

“அப்ப எஞ்சினுக்கே ஊத்து.”